புரட்டாசி முடிந்த பிறகும் ஏன் கறி வேண்டாம்? டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி விரதம் முடிகிற வாரம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் தெரு முழுக்க மட்டன் தாளிக்கிற வாசம் அடிக்கும். ஒரு மாதம் முழுக்க பருப்பு, கீரை, சோயா, மடும்பி (சேப்பங்கிழங்கு) என்று ஓட்டிவிட்டு, விரதம் விட்ட மறுநாளே பானை நிறைய கறி. எங்கள் வீட்டில் மட்டும் ஒன்பது வருஷமாக அந்த வாசம் இல்லை. பாலும் முட்டையும் கூடக் கிடையாது. கல்யாணத்தில், கவடி சமையலில், சாவு வீட்டில்கூட, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்பார்கள். கேட்பவர்கள் எல்லாரும் என் சொந்தம், என் தெருக்காரர்கள். அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். எதிர்த்துச் சொல்லப்படுகிற வாதங்களில் நியாயம் இருக்கிற இடத்தில் அதையும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

வீகன் என்பது நம்ம சைவம்தானே?

இல்லை. நம்ம சைவத்தில் பால், தயிர், நெய், மோர் எல்லாம் உண்டு. வீகனில் விலங்கிடமிருந்து வரும் எதுவும் இல்லை: பால், முட்டை, தேன், பிறகு தோல் செருப்பு, பட்டு. அந்தச் சொல்லை 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கினார்கள், பால்கூட எடுக்காத சைவக்காரர்களுக்குத் தனியாக ஒரு பெயர் வேண்டும் என்று. தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறார்கள், நல்ல சொல்தான், ஆனால் டர்பனில் சொன்னால் யாருக்கும் விளங்காது. நான் வீகன் என்றே எழுதுகிறேன்.

அப்போ உலகத்தில் எல்லாரும் வீகனாக மாற வேண்டும் என்கிறீர்களா, அக்கா?

எல்லாரும், நாளைக்கே, சட்டம் போட்டு என்றால் இல்லை. இந்த நாட்டில் 2016-இல் எடுத்த கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் 27 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றிப்போயிருந்தார்கள். அப்படி ஒரு பிள்ளைக்கு ஒரு முட்டை கிடைக்கிறது என்றால் அதைத் தட்டிப் பறிக்கிற கொள்கை எனக்கு வேண்டாம். ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கிற நமக்கு வாராவாரம் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, ஃப்ரிஜ் இருக்கிறது, எட்டு வகைப் பருப்பு கடையில் இருக்கிறது, அதற்கும் மேல் கறி இல்லாமல் ஒரு மாதம் நன்றாகச் சாப்பிடத் தெரிந்த சமையல் கையில் இருக்கிறது. தேர்ந்தெடுக்க முடிகிறவர்கள் மாறலாம், மாற வேண்டும் என்பதுதான் நான் சொல்வது. முடியாதவர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது.

சரி, மாற வேண்டும் என்பதற்கு முதல் காரணம் என்ன? உடம்பா, பூமியா?

கோழி.

நம் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கறி பெரும்பாலும் கிடையாது. மட்டன் விலை ஏறிவிட்டது, ஞாயிற்றுக்கிழமைக்கும் விசேஷத்துக்கும்தான். மற்ற நாளெல்லாம் கோழி. அந்தக் கோழி முட்டையிலிருந்து வெளியே வந்து சுமார் ஐந்து வாரத்தில் வெட்டப்படுகிறது. சீக்கிரம் சதை பிடிக்கிற மாதிரி இனம் சேர்த்து வளர்த்த உடம்பு, கால் அந்த எடையைத் தாங்காது. விட்டால் ஐந்தாறு வருஷம் வாழக்கூடிய பறவை அது. முட்டைக் கோழியின் கதை வேறு மாதிரி: இந்த நாட்டில் முட்டைக் கோழிகளில் பெரும்பாலானவை இன்னும் கம்பிக் கூண்டில்தான், ஒரு ஏ4 தாள் அளவுகூட ஒரு கோழிக்கு இல்லாத இடத்தில், சிறகை விரிக்காமலே காலம் முடிந்துபோகிறது. முட்டையினத்தில் பொரிக்கிற சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறிக்கும் லாபமில்லை, அதனால் பொரித்த அன்றைக்கே கொன்றுவிடுகிறார்கள். உலகம் முழுக்க வருஷத்துக்கு 7,000 கோடிக்கும் அதிகமான கோழிகள் வெட்டப்படுகின்றன. எண்ணிப் பார்க்கக்கூட முடியாத எண்ணிக்கை.

என் ஆயா கொல்லையில் கோழி வளர்த்தாள். பெயர் வைத்திருப்பாள், தானியம் போடும்போது ஒவ்வொன்றையும் திட்டுவாள், விசேஷத்துக்கு ஒன்றை அறுக்கும்போது அன்றைக்கு முழுக்க சரியாகப் பேசமாட்டாள். அந்தக் கோழிக்கும் கடையில் பாலிதீனில் இருக்கிற எட்டுத் துண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒருநாள் தெரிந்துகொண்டேன், அதற்கப்புறம் என்னால் முடியவில்லை. தின்பதற்காக உலகம் கொல்லாது போனால் விலைக்காக ஊன் தருபவரும் இருக்கமாட்டார் என்று வள்ளுவர் சொன்னதை அந்தக் காலத்தில் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறோம். வாங்குகிறவன் கையில் கத்தி இல்லை என்ற சமாதானத்தை அவர் அப்போதே ஒத்துக்கொள்ளவில்லை.

பாலில் என்ன கொலை இருக்கிறது? மாடு தானாகக் கொடுப்பதுதானே?

என்னை மிகவும் கஷ்டப்படுத்தின கேள்வி இதுதான், நெய்யில் வளர்ந்தவள் நான். மாடு கன்று போட்டால்தான் பால் சுரக்கும். வருஷா வருஷம் சினை, வருஷா வருஷம் கன்று. பால் விற்கிற பண்ணையில் கன்றைத் தாயிடம் விட்டால் விற்கப் பால் மிஞ்சாது, அதனால் சில நாளிலேயே பிரித்துவிடுவார்கள். காளைக்கன்றுக்குப் பால் பண்ணையில் வேலை இல்லை, அது கறிக்குப் போகும், அல்லது அதற்கு முன்பே போய்விடும். கறவை குறைந்த பசுவும் அதே வழிதான். நாம் மாட்டுக்கறி தொடமாட்டோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு லிட்டர் லிட்டராகப் பால் வாங்கும்போது, அந்தப் பசு கடைசியில் எந்தத் தட்டுக்குப் போகிறது என்று கேட்டுப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். இங்கே குவாசுலு-நடால் மிட்லண்ட்ஸிலும் கேப் கடற்கரைப் பக்கத்திலும் பெரும்பாலான கறவை மாடுகள் புல்வெளியில் மேய்கின்றன, வேறு சில நாடுகளைப் போல நாள் முழுக்கக் கொட்டகைக்குள் கிடப்பதில்லை. அது உண்மையான வித்தியாசம். ஆனால் கன்றின் கதை அங்கேயும் மாறுவதில்லை.

காந்தியே பால் குடித்தாரே?

குடித்தார், ஆனால் முழுக் கதையும் தெரிந்து சொல்லுங்கள், ஏனென்றால் அதில் பாதி நம் நாட்டில் நடந்தது.

1910-இல் ஜோஹானஸ்பர்க் பக்கத்தில் காந்தியின் நண்பர் கல்லன்பாக் கொடுத்த நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சிறைக்குப் போன சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின, அவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் இருந்தார்கள். கறி கேட்டால் கொடுக்காமல் இருக்க எனக்கு உரிமை உண்டா என்று காந்தி தனக்குள் கேட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறார். கடைசியில் அங்கிருந்த பெண்களிடமே மனதைத் திறந்து பேசினார், அவர்களும் சைவச் சமையல் போதும் என்று சம்மதித்தார்கள். எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும். கட்டளை போடக்கூடிய இடத்தில் இருந்தவர் கேட்டுச் சம்மதம் வாங்கினார்.

அதே பண்ணையில் 1912-இல் அவரும் கல்லன்பாக்கும் பாலையும் விட்டார்கள். புலனடக்கத்துக்குப் பால் தடை என்பது அவர் சொன்ன ஒரு காரணம், அதோடு கல்கத்தா மாட்டுக்காரர்கள் பசுவைக் கடைசிச் சொட்டு வரை கறக்கச் செய்யும் கொடுமையைப் பற்றிப் படித்ததும் சேர்ந்துகொண்டது. வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று வாழ்ந்தார். வீகன் என்ற சொல் பிறப்பதற்கு முப்பது வருஷம் முன்னால், டிரான்ஸ்வால் மண்ணில் இது நடந்திருக்கிறது. வெள்ளைக்கார ஊர் ஃபேஷன் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அப்புறம் இந்தியா திரும்பி, 1918-இல் வயிற்றுக்கடுப்பில் சாகிற நிலைமை. பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்று டாக்டர் சொன்னார். சபதம் எடுத்தபோது பசும்பாலும் எருமைப்பாலும்தானே மனதில் இருந்தது, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபா சொல்ல, குடித்தார். சபதத்தின் எழுத்தை மட்டும் காப்பாற்றி அதன் உட்பொருளைக் கைவிட்டுவிட்டேன் என்று கடைசி வரை அது அவரை உறுத்தியது. இதில் எனக்கு இரண்டு விஷயம் தெரிகிறது. பழமும் கடலையும் மட்டும் வைத்து ஓட்டியது சரியான சாப்பாடு இல்லை, அன்றைக்கு பி12 என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. இன்னொன்று, உடம்பு உண்மையிலேயே கேட்கிற நேரத்தில் அவர் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்கிற யாரையும் நான் குற்றம் சொல்லமாட்டேன்.

பி12 மாத்திரை போட வேண்டிய சாப்பாடு இயற்கையான சாப்பாடா?

மாத்திரை வேண்டும். இதில் யாராவது "கீரையில் இருக்கிறது, சோயாவில் இருக்கிறது" என்று சொன்னால் நம்பாதீர்கள். பி12-ஐ உண்டாக்குவது நுண்ணுயிர்கள், செடியில் நம்பக்கூடிய அளவு கிடையாது. கல்லீரலில் சில வருஷத்துக்குச் சேமிப்பு இருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. எனக்கு மூன்றாவது வருஷம் பாதத்தில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு வந்தது, வயசு என்று விட்டுவிட்டேன், படியில் தடுமாறி விழுந்த பிறகுதான் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். ஊசி போட்டுச் சரியானது, கடவுள் புண்ணியம். அந்த நரம்புப் பாதிப்பு நாள் கடந்தால் திரும்பாமலே போகலாம்.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை இருக்கிறது, இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2003 அக்டோபரிலிருந்து மீலி மாவிலும் (மக்காச்சோள மாவு) ரொட்டி மாவிலும் சத்து சேர்க்க வேண்டும் என்று சட்டம்: வைட்டமின் ஏ, சில பி வைட்டமின்கள், ஃபோலிக் அமிலம், இரும்பு, துத்தநாகம். அந்தப் பட்டியலில் பி12 இல்லை. ஃபோலிக் அமிலம் நிறைய உள்ளே போனால் பி12 குறைவால் வரும் ரத்தசோகை வெளியே தெரியாமல் மறைந்துகொள்ளும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது, நம் ஆட்களில் சர்க்கரை வியாதி வீட்டுக்கு வீடு, மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையும். கறி சாப்பிடுகிறவர்களுக்கே குறையும். ஆக மெட்ஃபார்மின் சாப்பிடுகிற வீகன் என்றால் பி12 அளவைச் சோதிக்காமல் ஒரு வருஷம்கூட விடாதீர்கள்.

இயற்கையா என்று கேட்டால், கடையில் வாங்குகிற உப்பில் அயோடின் சேர்ப்பதும் ரொட்டியில் இரும்பு சேர்ப்பதும் நாம் கண்டுகொள்ளாமல் விட்ட விஷயங்கள்தான். வாரத்தில் ஒரு மாத்திரை எனக்குப் பெரிய விலையாகத் தெரியவில்லை.

எலும்பு, ரத்தம், புரதம்?

புரதத்துக்கு நம் சமையலில் பஞ்சமே இல்லை, பருப்பும் சுகர் பீன்ஸும் கடலையும் சோயாவும் இருக்கிற வீட்டில் அந்தக் கவலை வேண்டாம். எலும்பு விஷயத்தில் கவலைப்பட இடம் உண்டு. இங்கிலாந்தில் சுமார் 55,000 பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வில், கறி சாப்பிடுகிறவர்களை விட வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகம் என்று 2020-இல் வெளியிட்டார்கள். இதை வீகன் ஆட்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். சுண்ணாம்புச்சத்தும் புரதமும் குறைவாகச் சாப்பிட்டதும் உடல் எடை குறைவும் ஒரு பங்கு காரணம். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராம் வாக்கில் கால்சியம் இருக்கிறது. இங்கே பல வீட்டில் ஆடிக் கூழுக்கு மீலி மாவைத்தான் போடுகிறார்கள், கேழ்வரகுக்குத் திரும்பினால் நல்லது. கால்சியம் சேர்த்த சோயா பால், எள், கீரை, பளு தூக்குவது, நடப்பது, இதெல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

மறுபக்கம்: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. போலோனி, வியன்னா என்று பதப்படுத்திய இறைச்சி பிள்ளைகளின் லஞ்ச் டப்பாவில் போகிற ஊர் நம்முடையது. 2017–18-இல் லிஸ்டீரியா என்ற கிருமி வந்து 1,060 பேருக்குத் தொற்றி 216 பேர் செத்தபோது, அது சாப்பிடத் தயாரான பதப்படுத்திய இறைச்சியில், முக்கியமாகப் போலோனியில், வந்தது என்று கண்டுபிடித்தார்கள். செத்தவர்களில் பச்சைக் குழந்தைகள் நிறைய. ஆனால் கறி விட்டாலே ஆரோக்கியம் என்றும் நான் சொல்லமாட்டேன். சிப்ஸும் கோக்கும் வெள்ளை ரொட்டியும்கூட வீகன்தான்.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிக்கும்?

திட்டமிட்டால் முடியும், திட்டமிடாவிட்டால் ஆபத்து. பி12, இரும்பு, அயோடின் மூன்றையும் டாக்டரிடமோ உணவியல் நிபுணரிடமோ பேசாமல் தொடங்க வேண்டாம். என் மகள் கர்ப்பமாக இருந்தபோது முட்டை சாப்பிட்டாள், நானே அவித்துக் கொடுத்தேன்.

வீகனாக மாறினால் பூமிக்கு உண்மையிலேயே நல்லதா?

நல்லதுதான், எவ்வளவு என்பது யார் எதை விடுகிறார் என்பதைப் பொறுத்தது. 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பூர், சுவிட்சர்லாந்தின் நெமெசெக் இருவரும் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். உலகம் முழுவதும் விலங்கு உணவை விட்டால் உணவுக்கென்று எடுக்கும் நிலம் 76 சதவீதம் குறையும், உணவிலிருந்து வரும் வெப்பவாயு பாதியளவு குறையும் என்று வந்தது. விலங்குப் பண்ணைக்கும் தீவனத்துக்கும் சேர்த்து விவசாய நிலத்தில் 83 சதவீதம் போகிறது, ஆனால் நமக்குக் கிடைக்கிற கலோரியில் அது தருவது 18 சதவீதம்தான். ஃப்ரீ ஸ்டேட் மாகாணம் வழியாகக் காரில் ஜோஹானஸ்பர்க் போகும்போது இரண்டு பக்கமும் மக்காச்சோளமாக நிற்கும். அதில் வெள்ளைச் சோளம் மனிதனுக்கு, மஞ்சள் சோளம் பெரும்பாலும் தீவனத்துக்கு. கோழிக்கு நூறு கலோரி போட்டால் இறைச்சியாகத் திரும்புவது பன்னிரண்டு, பதின்மூன்று. மாட்டுக்குப் போட்டால் மூன்று.

ஆனால் இங்கே நம் ஆட்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பூமிக்கு அதிகக் கெடுதல் மாடும் ஆடும், ஏனென்றால் அசைபோடும் விலங்கின் வயிற்றிலிருந்து மீத்தேன் வருகிறது, நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவை விட இருபத்தேழு மடங்கு வாக்கில் சூடேற்றும். நாம் மாட்டுக்கறியை முன்பே விட்டவர்கள். அதனால் வெப்ப வாதத்தில் நமக்கு மிஞ்சியிருப்பது மட்டனும் பாலும் நெய்யும். பூமிக்காக மட்டனை விட்டுக் கோழிக்கு மாறினால் வெப்பவாயு குறையும், கொல்லப்படும் உயிர் கூடும். ஒரு ஆட்டுக் கறிக்கு ஈடாக எத்தனை கோழி வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நல்ல காரணம் எதிரெதிர்த் திசையில் இழுக்கிற இடம் இது, எனக்குத் தெரிந்து இதிலிருந்து வெளியே வர இரண்டையும் சேர்த்து விடுவதுதான் வழி.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டின் வெப்பவாயுவில் பெரிய பங்கு நிலக்கரி மின்சாரம். என் தட்டை மாற்றினால் அது மாறாது.

வறண்ட கரூ பகுதியில் சோளம் விளையுமா? ஆடு மேய்க்காமல் அந்த நிலத்தை என்ன செய்வது?

வீகனுக்கு எதிராக இந்த நாட்டில் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது இது. தென்னாப்பிரிக்காவில் பயிர் செய்யக்கூடிய நிலம் எட்டில் ஒரு பங்குதான், மற்றதில் பெரும்பகுதி மழையில்லாத மேய்ச்சல் நிலம். கரூவில் பீன்ஸ் போட முடியாது, ஆடு அங்கே மனிதன் தின்ன முடியாத புதரைத் தின்று இறைச்சியாக்குகிறது. ஒத்துக்கொள்கிறேன். மேய்ச்சலை முழுக்க எடுத்தால் அங்கே வாழ்கிறவர்களுக்கு என்ன பிழைப்பு என்பதற்கு என்னிடம் தயாராகப் பதில் இல்லை. ஆனால் டர்பனில் நாம் அன்றாடம் தின்கிற கோழி கரூவில் மேயவில்லை. மஞ்சள் சோளமும் சோயாவும் தின்று கொட்டகைக்குள் வளர்ந்தது, நல்ல விளைநிலத்தை எடுத்துக்கொண்டது. கரூ ஆட்டைக் காட்டிக் கொட்டகைக் கோழியைக் காப்பாற்ற முடியாது.

பக்கத்து வீட்டு சூலு குடும்பத்திடம் போய் மாட்டை விடு என்று சொல்வீர்களா?

மாட்டேன். அவர்களுக்கு மாடு என்பது லோபோலா (பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் சீர்), முன்னோர் வழிபாடு, கல்யாணம், சாவு, கஷ்டகாலத்துச் சேமிப்பு. அமாசி என்ற புளித்த பால் இல்லாத வீடு கிடையாது. நிலத்தையும் மாட்டையும் சட்டம் போட்டுப் பிடுங்கின வரலாறு இந்த நாட்டில் இருக்கிறது, அந்த மக்களிடம் இந்தியர் ஒருவர் போய் உன் மாட்டைப் பற்றி உனக்குப் பாடம் எடுக்கிறேன் என்றால் அது அநியாயம். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா என்னிடம் பீன்ஸ் சமையல் கேட்டுத் தெரிந்துகொண்டார், எனக்கு சாம்ப்பும் (உடைத்த மக்காச்சோளம்) பீன்ஸும் சேர்த்து எப்படி வேகவைப்பது என்று சொல்லிக் கொடுத்தார். அந்தச் சாப்பாடு வீகன். அவர்கள் பாட்டிமார் பெரும்பாலான நாள் சாப்பிட்டதும் அதேபோல்தான், கறி விசேஷத்துக்குத்தான்.

கோயிலில் பால்குடம், அபிஷேகம், மாரியம்மனுக்கு ஆடு, இதெல்லாம்?

கவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்து, வேல் குத்தி, பால்குடம் தூக்கி வருகிற பக்தியை நான் ஒரு சொட்டும் குறைத்துப் பேசமாட்டேன், நானே பதினோரு வருஷம் தூக்கியிருக்கிறேன். வீகன் ஆன பிறகு முதல் தைப்பூசத்துக்கு இரண்டு இரவு தூக்கம் இல்லை. பாலை ஊற்றினால் மனசு உறுத்தும், ஊற்றாவிட்டால் நேர்ந்ததை மீறினது ஆகும். கடைசியில் குருக்களிடமே போய்க் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இளநீர் அபிஷேகம் என்று ஒன்று இருக்கிறதே அம்மா, முருகனுக்கு அதுவும் உகந்ததுதான் என்றார். அன்றிலிருந்து என் குடத்தில் இளநீர். வரிசையில் என் முன்னால் நிற்கிறவர் பால், பின்னால் நிற்கிறவர் பால், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

மாரியம்மன் பலி எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆடியில் கூழ் ஊற்றும்போது சேவல், சில வருஷம் ஆடு. கரும்புத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து வந்த வழக்கம், அம்மை வந்த காலத்தில் பிள்ளைகளைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்ட நேர்ச்சை. அதை மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன், அந்தப் பயமும் அந்த நன்றியும் உண்மை. என் பெரியப்பா இறந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசி, பூசணிக்காயும் எலுமிச்சையும் வெட்டுவது என்று முடிவு செய்தோம். அத்தை ஒருத்தி இன்றைக்கும் அம்மாவுக்குக் குறை வைத்துவிட்டோம் என்று அழுவாள். அவளிடம் வாதாடுவதில்லை. கூழை மோர் இல்லாமல் அவளுக்குப் பிடித்த மாதிரி காய்ச்சிக் கொடுக்கிறேன், குடிக்கிறாள்.

மேளத்துத் தோலைப் பற்றியும் கேட்கிறார்கள். செயற்கைத் தோல் போட்ட மிருதங்கம் வந்துவிட்டது, நாதம் அதே மாதிரி இருக்கிறதா என்று வாசிக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

செடிக்கும் உயிர் இருக்கிறதே? கரும்பு வெட்டும்போது எலியும் பாம்பும் சாகவில்லையா?

சாகின்றன. வட கடற்கரையில் கரும்பை எரிக்கிற நாளில் சாம்பல் துணியில் வந்து விழும், அந்தத் தீயில் என்னென்ன சாகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. யாருக்கும் தீங்கில்லாத சாப்பாடு கிடையாது, வீகன் சாப்பாடும் அப்படித்தான். ஆனால் கோழியும் மாடும் பயிரைத் தின்றுதான் வளர்கின்றன, உலகத்து சோயாவில் முக்கால் பங்குக்கு மேல் தீவனத்துக்குத்தான் போகிறது. வயல் எலிக்காக வருத்தப்படுகிறவர் வயலைக் குறைக்கிற சாப்பாட்டைத்தான் எடுக்க வேண்டும்.

வீகன் பணக்காரர் சாப்பாடு இல்லையா?

கடையில் பர்கர், சாசேஜ் என்று வாங்கினால் ஆமாம். 1991-இலேயே டர்பனில் ஃப்ரைஸ் என்று ஒரு குடும்பம் தொடங்கின சைவ பர்கர் இன்றைக்கு வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது, நன்றாகவே இருக்கும், ஆனால் ஐந்து பேர் வீட்டுக்கு வாராவாரம் கட்டாது. காய்ந்த பீன்ஸ், மைசூர் பருப்பு, சோயா மின்ஸ், கீரை, இதில் சமைத்தால் கோழியை விட மலிவு. பருப்பு, பீன்ஸ், மீலி மாவு, அரிசி, காய்கறிக்கு வாட் வரி இல்லை. அதேபோல் மாட்டுப் பாலுக்கும் முட்டைக்கும் டின் பில்சர்ட் மீனுக்கும் வாட் இல்லை, சோயா பாலுக்கு 15 சதவீதம் உண்டு. இது மாற வேண்டும் என்பது என் ஆசை. 2022-இல் விவசாயத் துறை காளான் பில்டாங் (பில்டாங் என்பது உலர்த்திய இறைச்சி), சைவ மீட்பால் என்றெல்லாம் பெயர் வைக்கக்கூடாது என்று சொன்னதை விட எனக்கு இந்த வரிதான் முக்கியம், பெயர் என்னவாக இருந்தாலும் பீன்ஸ் பீன்ஸ்தான்.

கோழிப்பண்ணை வேலைகள் போகுமே?

போகும். இந்த நாட்டு விவசாயத்தில் மதிப்பில் பெரிய பகுதி கோழிதான், வேலையில்லாத் திண்டாட்டம் இப்படி இருக்கிற இடத்தில் இதை லேசாகப் பேச முடியாது. ஒரே நாளில் எல்லாம் நிற்பதில்லை என்பது ஒன்று, 2023-இல் பறவைக் காய்ச்சல் வந்து லட்சக்கணக்கான கோழிகளை அழித்து முட்டைக்கு அலைந்தபோது அந்த வேலைகளும் எவ்வளவு உறுதி என்று பார்த்தோம் என்பது இன்னொன்று. இதற்கு மேல் ஆறுதல் என்னிடம் இல்லை.

மீன்கூடவா? டின் மீன் இல்லாத டர்பன் வீடு உண்டா?

1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து நம் முன்னோர் இறங்கியபோது, தோட்டத்தில் அளந்து கொடுத்தது அரிசி, பருப்பு, உப்பு மீன். ஜூன் ஜூலையில் மத்தி கூட்டம் கடற்கரைக்கு வந்தால் வாளியோடு ஓடுகிற ஊர் இது. என் தாத்தா வலை இழுத்தவர். அதனால் மீன்தான் நான் கடைசியாக விட்டது, கறியை விட்டு ஒன்றரை வருஷம் கழித்து. மீனுக்கு வலி தெரியும் என்பதை விஞ்ஞானிகளில் நிறையப் பேர் இன்று ஏற்கிறார்கள், மூச்சு முட்டிச் சாவது சின்னச் சாவு இல்லை. ஆனாலும் வலை இழுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவரின் பேத்தி நான், கரையில் வலையோடு நிற்கிறவரைப் பார்த்து முகம் சுளிக்க என்னால் ஆகாது.

ஒரேயடியாக விட முடியாது. எதை முதலில் விடலாம்?

கோழியும் முட்டையும். சாகிற எண்ணிக்கை அதில்தான், நம் தட்டிலும் அதுதான் அதிகம். புரட்டாசியில் சமைத்த பட்டியலை ஃப்ரிஜ் கதவில் ஒட்டிவையுங்கள், புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்தது பால், தேநீரில் தொடங்காதீர்கள், அதில்தான் எல்லாரும் தோற்கிறார்கள், முதலில் தயிரையும் ஐஸ்கிரீமையும் விடுங்கள். பி12 மாத்திரை முதல் நாளிலிருந்தே.

விருந்தாளி வந்தால் என்ன போடுவீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை மாமா குடும்பம் ஏழு பேர் வந்தார்கள். சுகர் பீன்ஸை முந்தின இரவே ஊறவைத்தேன். வெங்காயம், கறிவேப்பிலை, பட்டை, சோம்பு, இஞ்சி பூண்டு, வீட்டு மசாலா இரண்டு கரண்டி, தக்காளி நிறைய, பெரிய உருளைக்கிழங்கு துண்டு, மெதுவான தீயில் ஒன்றரை மணி நேரம், எண்ணெய் மேலே பிரிந்து வரும் வரை. அதை அரை ரொட்டிக்குள் ஊற்றினால் அதுதான் பன்னி சாவ், பக்கத்தில் கேரட் பச்சைமிளகாய் சாலட். மாமா இரண்டாவது பன்னி சாவ் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மீதியை டப்பாவில் போட்டுக்கொடு, நாளைக்கு வேலைக்குக் கொண்டுபோகிறேன் என்றார்.